ஸ்பைடர்மேனின் வாடகை பாக்கி

ஸ்பைடர்மேனைப் பற்றி இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடும். டோபி மகுவாயர் உசத்தியா, ஆண்ட்ரூ கார்ஃபீல்டா, டாம் ஹாலண்டா? என் வீட்டில் மகன் டோபி கட்சி, பேத்தி டாம் கட்சி. கார்ஃபீல்டுக்கு ஆளில்லை. என்னைக் கேட்டால் மூவரில் நல்ல நடிகர் அவர்தான். ஆனால் நடிகரை வைத்து இந்தப் படங்களை எடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என்னிடம் இருப்பது வேறு தராசு.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். திரையில் யார் வந்தாலும், இவனுக்கு மாதம் என்ன வருகிறது, வாடகை எவ்வளவு, யாருக்குப் பாக்கி என்றுதான் புத்தி போகும். மற்ற சூப்பர்ஹீரோக்களிடம் இந்தக் கேள்வி எடுபடாது. பேட்மேன் பரம்பரைக் கோடீஸ்வரன். அயர்ன்மேன் ஆயுதத் தொழிற்சாலை முதலாளி. தோர் ராஜா வீட்டுப் பிள்ளை. சூப்பர்மேனுக்குப் பத்திரிகைச் சம்பளம் வருகிறது. பசியோ குளிரோ அண்டாத அந்த உடம்புக்கு அதுவே தாராளம். மாசக் கடைசியில் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பவன் பீட்டர் பார்க்கர் ஒருவன்தான். கைக்கும் வாய்க்கும் பற்றாத அவனுடைய அந்த நிலையைப் பொருட்படுத்திய படங்கள் தேறின, பொருட்படுத்தாதவை தேறவில்லை. இதுதான் என் கட்சி.

இது நானாக ஏற்றிச் சொல்வதல்ல, மூலக்கதையிலேயே இருக்கிறது. 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேஸிங் ஃபேன்டஸி’ 15-ஆம் இதழில் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் பீட்டரை அறிமுகப்படுத்தினார்கள். நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் பெரியப்பா பென், பெரியம்மா மே வீட்டில் வளரும் தாய் தகப்பன் இல்லாத பையன். அதே இதழிலேயே பெரியப்பா கொல்லப்படுகிறார். அடுத்த மார்ச்சில் ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ தனி இதழாக வந்தபோது, அதன் ஆரம்பக் கவலை வில்லன் அல்ல, வாடகை. பையன் முகமூடியோடு மேடையேறி வித்தை காட்டுகிறான். சம்பளத்தைச் செக்காகத் தருகிறார்கள், ஸ்பைடர்மேன் பெயருக்கு. அதை எடுத்துக்கொண்டு அதே வேஷத்தில் வங்கிக் கவுன்ட்டரில் போய் நிற்கிறான். அடையாளச் சான்று எங்கே என்கிறார் கேஷியர். உடையைக் காட்டுகிறான். உடையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாமே என்று செக்கைத் திருப்பிவிடுகிறார்.

நான் அந்தக் கேஷியர் பக்கம். கேஒய்சி என்ற சொல் பிறப்பதற்குப் பல காலம் முன்பே தன் வேலையைச் சரியாகச் செய்த மனிதர். ஆனால் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊரே கைதட்டியது, கையில் செக் இருக்கிறது, காசு மட்டும் இல்லை. அதே இதழில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவிடம் வேலை கேட்டுப் போகிறான். எங்களிடம் சம்பளம் கிடையாது, வருவதெல்லாம் ஆராய்ச்சிக்கு என்றதும் திரும்பிவிடுகிறான். பெரியம்மா தன் நகையை அடகுக் கடையில் வைப்பதைக் கண்ணால் பார்க்கிறான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் நம் ஊர் வங்கிக் கிளைகளில் நகைக்கடன் கவுன்ட்டர் முன் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் தலைமுறையில் தமிழில் காமிக்ஸ் படித்தவர்களுக்கு ஸ்பைடர் என்றால் வேறு ஆள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1984-இல் தொடங்கிய சிவகாசி லயன் காமிக்ஸ் வெளியிட்ட பிரிட்டிஷ் ஸ்பைடர் அவன். கூர்மண்டையன் என்று செல்லப்பெயர். குற்றவாளியாக ஆரம்பித்து நல்லவனாக மாறியவன். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அவனுக்கும் நிறையக் கதை எழுதியிருக்கிறார். கோட்டையில் குடியிருந்தவன். வாடகைப் பிரச்சினை இல்லை.

சரி, படங்களுக்கு வருகிறேன். எல்லாப் படங்களையும் முழுதாக ஒப்பிட வேண்டியதில்லை. திருடனைத் தப்பவிடும் ஒரு காட்சி போதும். சிலந்தி கடித்துப் பீட்டருக்குச் சக்தி கிடைத்த புதிதில், தடுக்க முடிந்த ஒரு திருடனைத் தடுக்காமல் விடுகிறான். அவனாலேயே பெரியப்பா சாகிறார். கதைக்கே ஆணிவேர் இதுதான்.

1962 இதழில், மல்யுத்த மேடையில் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 100 டாலர் என்று ஒரு போட்டி. பீட்டர் ஜெயிக்கிறான், பணமும் வருகிறது, தொலைக்காட்சி வாய்ப்பும் வருகிறது. புகழ் தலைக்கேறிய நேரத்தில் ஒரு திருடன் எதிரே ஓடி வருகிறான். பிடிப்பது என் வேலை இல்லை என்று விட்டுவிடுகிறான். தலைக்கனம்தான் காரணம்.

2002-இல் சாம் ரைமி இந்த இடத்தில் ஒரு திருகு திருகினார். மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 3,000 டாலர் என்று விளம்பரம். பையன் அதற்கு முன்பே எதிராளியைச் சாய்த்துவிடுகிறான். சீக்கிரம் முடித்துவிட்டாயே என்று காரணம் சொல்லி 100 டாலரை நீட்டுகிறார் போட்டி நடத்துபவர். எனக்குப் பணம் அவசரம் என்றால், அதற்கு நான் என்ன செய்ய என்கிறார். அடுத்த நிமிடம் அதே ஆளைத் துப்பாக்கி முனையில் ஒருவன் கொள்ளையடித்து ஓடி வர, பீட்டர் ஒதுங்கி வழிவிடுகிறான். அவர் சொன்ன பதிலையே அவருக்குத் திருப்பிச் சொல்கிறான். அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கூலியில் ஏமாற்றப்பட்டவனின் கோபம் எல்லோருக்கும் தெரிந்த கோபம். நம்மையும் அந்தத் திருடனுக்கு வழிவிட வைத்துவிட்டுத்தான் ரைமி பெரியப்பாவைத் தெருவில் கிடத்துகிறார். தலைக்கனத்தைக் காட்டியிருந்தால் அந்தப் பையன் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டு நாம் எழுந்துபோயிருப்போம்.

2012-இல் மார்க் வெப் எடுத்த ‘தி அமேஸிங் ஸ்பைடர்மேன்’ படத்தில் இதுவே ஒரு பெட்டிக்கடைச் சண்டை. சாக்லேட் பால் வாங்கப் போன பீட்டருக்கு ஓரிரு சென்ட் குறைகிறது. கல்லாவில் நிற்பவர் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். பின்னால் நின்றவன் கல்லாவிலிருந்து காசை அள்ளிக்கொண்டு, பாலையும் பீட்டரிடம் வீசிவிட்டு ஓடுகிறான். இங்கே காசு குறைவது வெறும் எரிச்சல், அவ்வளவுதான். நாளைக்கு வந்தால் கொடுத்துவிடலாம். இந்தப் பையன் வீட்டில் யாரும் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தெரியவில்லை.

2017-இல் ஜான் வாட்ஸ் எடுத்த ‘ஹோம்கமிங்’ படத்தில் காட்சியே கிடையாது. பெரியப்பா ஏற்கெனவே கதையை விட்டுப் போய்விட்டார். இரண்டு தடவை பார்த்துவிட்டோமே, மூன்றாவது எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நியாயம்தான். ஆனால் அவர் இடத்தில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள் என்பதில்தான் என் வழக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் 2004. ‘ஸ்பைடர்மேன் 2’. ஏறக்குறைய 20 கோடி டாலர் செலவழித்து, வாடகை கட்ட முடியாத ஒருவனைப் பற்றி எடுத்த படம். ஆரம்பத்தில் வில்லன் வாடையே கிடையாது. பீட்டர் பீட்சா டெலிவரி பையன். 29 நிமிடத்தில் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் இலவசம் என்பது கடையின் வாக்குறுதி. ஏழரை நிமிடத்தில் 42 தெரு தாண்ட வேண்டும். போகிற வழியில் லாரி முன் ஓடும் இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றுகிறான். தாமதமாகிறது. வேலை போகிறது. இன்று நம் தெருக்களில் முதுகில் பையைச் சுமந்து வண்டியில் பறக்கும் பிள்ளைகள் இந்தக் காட்சியைப் பார்த்தால் சிரிப்பார்களா என்று தெரியவில்லை. அவர்கள் கைபேசியில் ஓடும் கடிகாரம் இன்னும் கண்டிப்பானது.

அடுத்து டெய்லி பியூகிள் பத்திரிகை அலுவலகம். ஜே.கே. சிம்மன்ஸ் நடித்த ஆசிரியர் ஜேம்சன், பேரம் பேசி, பீட்டர் எடுத்த புகைப்படத்துக்கு 300 டாலர் எழுதித் தருகிறார். செக்கை வாங்கப் போனால், முன்னே வாங்கிய அட்வான்ஸுக்கே இது பற்றாது என்கிறார் ஜேம்சனின் செயலாளர் பெட்டி. பிறகு பெரியம்மா வீட்டில் பிறந்தநாள் விருந்து. எல்லோரும் போன பிறகு, வீடு ஜப்திக்கு வரப்போகிறது என்ற நோட்டீஸ் பீட்டர் கண்ணில் படுகிறது. பெரியம்மா பிறந்தநாளுக்கென்று ஒரு 20 டாலர் நோட்டை நீட்டுகிறார். வேண்டாம் என்கிறான். என்னிடமிருந்து இதையாவது வாங்கிக்கொள்ளேன் என்று ரோஸ்மேரி ஹாரிஸ் ஒரு கணம் வெடித்து, உடனே உடைந்து அழுவார். பாருங்கள், அந்தப் படத்தில் இயந்திரக் கைகள் கொண்ட விஞ்ஞானி டாக்டர் ஆக்டோபஸ் கட்டடங்களை உடைக்கும் எந்தக் காட்சியும் இதற்கு இணையில்லை. கொடுக்க எதுவும் மிச்சமில்லாத நிலையிலும் கொடுக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்ற பெரியவர்களின் பிடிவாதம் அது. ஜாமீன் போட வந்த எத்தனையோ பேரின் முகத்தில் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த 20 டாலர் எங்கே போனது என்று கவனித்தீர்களா? பீட்டர் தன் அறைக்குத் திரும்புகிறான். வீட்டுக்காரர் வாசலிலேயே மடக்குகிறார், ஒரு மாத பாக்கி. இந்த வாரத்துக்கு என்னிடம் இருப்பதே இந்த 20 டாலர்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் நோட்டு அவர் கைக்குப் போய்விடுகிறது. அந்த வீட்டுக்காரருக்குப் பெயர் டிட்கோவிச். ஸ்பைடர்மேனை வரைந்த டிட்கோவுக்குச் செய்த மரியாதை. ஆக, ஜப்தி நோட்டீஸ் வந்த வீட்டிலிருந்து கிளம்பிய பணம், வாடகை பாக்கிக்குப் போய்ச் சேர்ந்தது. சில நிமிடப் படத்தில் ஒரு குடும்பத்தின் வரவு செலவு முழுவதையும் காட்டிவிட்டார் ரைமி. கதையில் பங்களித்த நாவலாசிரியர் மைக்கேல் சேபனோ, திரைக்கதை எழுதிய ஆல்வின் சார்ஜென்டோ, யார் கை என்று தெரியாது. யாராக இருந்தாலும் கடன் வாங்கிப் பழகியவர்.

பிறகு வங்கிக் காட்சி. பெரியம்மா பீட்டரை அழைத்துக்கொண்டு வீட்டின் மேல் மறுகடன் கேட்டுப் போகிறார். கொஞ்சம் அரசு ஓய்வூதியம் வருகிறது, கணவரின் காப்பீட்டுப் பணம் இருக்கிறது, பியானோ சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்திருக்கிறேன் என்கிறார். உங்கள் ஆஸ்தி போதாது என்கிறார் அதிகாரி. சரி, புதுக் கணக்குக்குத் தருவதாகச் சொன்ன டோஸ்டராவது கிடைக்குமா என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே கேட்கிறார். அது 300 டாலருக்கு மேல் டெபாசிட் போட்டால்தான் என்று பதில் வருகிறது.

நான் அந்த மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்தவன். விண்ணப்பத்தில் அந்த அதிகாரி எடுத்த முடிவு சரி. பியானோ டியூஷனை நிலையான வருமானம் என்று எழுதினால் மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள். ஆனால் அந்த டோஸ்டர் பதில் இருக்கிறதே, அதைத்தான் பல வங்கிக்காரர்கள் விதிமுறை என்று நினைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அடுத்த நிமிடம் டாக்டர் ஆக்டோபஸ் அந்த வங்கியைக் கொள்ளையடிக்க உள்ளே நுழைகிறார். சண்டை, தங்க நாணயங்கள், கட்டடத்தின் மேலிருந்து தொங்கும் பெரியம்மா எல்லாம் உண்டு. பீட்டர் அவரைக் காப்பாற்றிவிடுகிறான். வீட்டைக் காப்பாற்ற முடிவதில்லை. கடைசியில் பெரியம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு சின்னதாக ஒரு குடியிருப்புக்குப் போகிறார். ஓடும் ரயிலை உடம்பால் நிறுத்த முடிகிறவனால் ஒரு ஜப்தியை நிறுத்த முடியவில்லை. இவ்வளவு நேர்மையாக ஒரு சூப்பர்ஹீரோ படம் அதற்குப் பிறகு பேசி நான் பார்க்கவில்லை.

அதே படத்தில் பீட்டர் தன் உடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகும் காட்சி, 1967 ஜூலையில் வந்த 50-ஆம் இதழில் ஜான் ரோமிடா வரைந்த படத்தை அப்படியே எடுத்தது. அந்த உடையைப் பொறுக்கி எடுத்த துப்புரவுத் தொழிலாளி ஜேம்சனிடம் கொண்டுவந்து விற்கிறார். 50 டாலர் என்கிறார் ஜேம்சன். இணையத்தில் ஏலம் விட்டால் இதைவிட அதிகம் கிடைக்கும் என்று அவர் சொல்ல, 100-க்கு முடிகிறது. மேடையில் மல்யுத்தம் செய்தபோது கிடைத்ததும் 100 டாலர்தான். நியூயார்க்கில் ஸ்பைடர்மேனுக்குச் சந்தை விலை அவ்வளவுதான் போலிருக்கிறது.

2007-இல் வந்த மூன்றாம் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வில்லன்கள் கூடிப்போய்க் கதை இளைத்த படம். மகள் சிகிச்சைக்காகத் திருடும் சாண்ட்மேன் மட்டும் நினைவில் நிற்கிறான். அவனுக்கும் பணக் கவலை.

அடுத்த ஐந்தே வருடத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஏன் என்று கேட்பவர்களுக்கு வங்கிக்காரனாக ஒரு பதில் இருக்கிறது. 1996-இல் ஸ்பைடர்மேன் காமிக்ஸை வெளியிடும் மார்வெல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. மீண்டு வந்தபோது ஸ்பைடர்மேன் படமாக்கும் உரிமை 1999-இல் சோனிக்குப் போனது. குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்த படம் எடுக்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போய்விடும். கெடு தவறாமல் தவணை கட்டுவதைப் போல சோனி படம் எடுத்தாக வேண்டும். பீட்டர் பார்க்கர் வாடகைக்கு ஓடுகிறான், அவனை வைத்திருப்பவர்கள் உரிமைக்கு ஓடுகிறார்கள்.

வெப் எடுத்த இரண்டு படங்களில் என் பெரிய மனக்குறை சாக்லேட் பால் அல்ல. பீட்டரின் அப்பாவை ரகசிய விஞ்ஞானியாக்கினார்கள். இரண்டாம் படத்தில், அப்பா தன் மரபணுவையே அந்தச் சிலந்திகளில் கலந்து வைத்திருந்தார், அதனால்தான் கடி பலித்தது என்று முடிச்சை அவிழ்க்கிறார்கள். அப்படியானால் சக்தி பரம்பரைச் சொத்து. வாரிசுச் சான்றிதழ் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே! அன்று அந்த அறிவியல் செயல்விளக்கத்தில் எந்தப் பையனை வேண்டுமானாலும் சிலந்தி கடித்திருக்கலாம் என்பதுதான் லீயும் டிட்கோவும் எழுதிய கதை. அதை மாற்றியதும் க்வீன்ஸ் பையன் இன்னொரு பேட்மேன் ஆகிவிட்டான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் படத்தில் சாலி ஃபீல்ட் நடித்த மே, பையனின் கல்லூரிச் செலவுக்காக அவனுக்குத் தெரியாமல் நர்ஸ் பயிற்சிக்குப் போகிறார். அதை நீட்டியிருந்தால் நல்ல படம் ஒன்று கிடைத்திருக்கும். மின்சார வில்லன் வந்து இடத்தை அடைத்துக்கொண்டார். முதல் படத்தில், அடிபட்ட ஸ்பைடர்மேன் போக வழியாக நகரத்தின் கிரேன் ஓட்டுநர்கள் தங்கள் கிரேன்களை வரிசையாகத் திருப்பி வைக்கும் காட்சியைப் பலர் கேலி செய்கிறார்கள். எனக்குப் பிடிக்கும். இர்ஃபான் கானை வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு வேலையும் கொடுக்காததை மன்னிக்க மாட்டேன்.

இப்போது டாம் ஹாலண்ட் படங்கள். 2015-இல் சோனியும் மார்வெல் ஸ்டுடியோஸும் கைகோத்தார்கள். அடுத்த ஆண்டு ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில் அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் பீட்டரைத் தேடி க்வீன்ஸ் வீட்டுக்கு வருகிறார். அறையில் இருக்கும் பழைய கருவிகளைப் பார்த்து எங்கே வாங்கினாய் என்று கேட்க, குப்பையில் பொறுக்கினேன் என்கிறான் பையன். அருமையான பதில். ஆனால் அதுதான் அவன் ஏழையாகக் கடைசியாகச் சொன்ன பதில். அதற்குப் பிறகு உடை ஸ்டார்க் கொடுத்தது. அதற்குள் பேசும் உதவியாளரும் ஸ்டார்க் கொடுத்தது. ‘ஃபார் ஃப்ரம் ஹோம்’ படத்தில் செத்துப்போன ஸ்டார்க்கிடமிருந்து ஒரு கண்ணாடி வருகிறது. போட்டுக்கொண்டால் ட்ரோன் படையே கட்டளைக்குக் காத்திருக்கும். பெரியப்பா பென்னின் நாற்காலியில் உலகத்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பணக்கஷ்டம் அந்தப் படங்களை விட்டுப் போகவில்லை. வில்லனிடம் போய்விட்டது. ‘ஹோம்கமிங்’ படத்தில் மைக்கேல் கீட்டன் நடித்த ஏட்ரியன் டூம்ஸ் ஒரு சிறு ஒப்பந்தக்காரர். வேற்றுக்கிரகவாசிகள் இடித்துப்போட்ட நியூயார்க்கைச் சுத்தம் செய்ய நகராட்சியிடம் வேலை எடுத்திருக்கிறார். அதை நம்பி லாரி வாங்கிவிட்டார், புதிதாக ஆள் சேர்த்துவிட்டார். அரசும் ஸ்டார்க் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய துறை ஒன்று வந்து, இனி எங்கள் வேலை, நீங்கள் போகலாம் என்கிறது. வீடே போய்விடும் என்று கெஞ்சுகிறார் டூம்ஸ். இந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். டெண்டரை நம்பி வண்டிக் கடன் வாங்கி, டெண்டர் ரத்தானதும் தவணைக்குத் தலைமறைவானவர்களின் கோப்பு எந்தக் கிளையிலும் நாலு இருக்கும். அவர்கள் இறக்கை கட்டிக்கொண்டு ஆயுதம் விற்கப் போகவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

டூம்ஸ் ஆயுதம் விற்றார், ஆகவே பிடிபட வேண்டியவர்தான். ஆனால் ஸ்டார்க் மாதிரி ஆட்கள் நம்மை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை என்று அவர் பீட்டரிடம் எடுத்துச் சொல்லும்போது, படத்திடம் அதற்குப் பதில் இல்லை. அடுத்த படத்து வில்லன் மிஸ்டீரியோவும், அவனோடு சேர்ந்தவர்களும் ஸ்டார்க் நிறுவனத்தில் வேலை பார்த்து அவமானப்பட்டவர்கள். இரண்டு படங்களிலும் முதலாளியால் அடிபட்டவர்கள் ஒரு பக்கம், முதலாளியின் செல்லப்பிள்ளையாக ஸ்பைடர்மேன் எதிர்ப்பக்கம். 1963-இல் அடகுக் கடை வாசலில் நின்ற பையன் இதைப் பார்த்தால் எந்தப் பக்கம் சேருவான்? வாட்ஸின் படங்கள் கலகலப்பானவை, பள்ளிக்கூடக் காட்சிகள் மற்ற எல்லாவற்றையும்விட உயிரோட்டமானவை, மறுக்கவில்லை. பையனைத்தான் தொலைத்துவிட்டார்கள்.

தொலைத்தது தெரிந்திருக்கிறது என்பதற்கு 2021-இல் வந்த ‘நோ வே ஹோம்’ சாட்சி. உலகம் முழுவதும் 190 கோடி டாலருக்கு மேல் அள்ளிய படம். மூன்று ஸ்பைடர்மேன்களும் ஒரே திரையில் நின்றபோது விழுந்த விசில்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது கடைசிச் சில நிமிடங்கள். உலகமே அவனை மறந்துவிட்ட பிறகு, பீட்டர் ஒரு பாழடைந்த அறைக்குக் குடிபோகிறான். ஒன்றாம் தேதி வாடகை வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார் வீட்டுக்காரர். ஸ்டார்க் இல்லை. தானே தையல் மிஷினில் உடை தைத்துக்கொள்கிறான். மூன்று படம் சுற்றி, முதல் இதழ் ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஏழ்மையைக் காட்டினால்தான் நல்ல படமா என்று கேட்கலாம். இல்லை. பணத்தைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருந்தால் போதும். 2018-இல் வந்த ‘இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்’ அனிமேஷன் படத்தில் புது ஸ்பைடர்மேனாகும் மைல்ஸ் மொராலிஸ் ஏழையல்ல. அப்பா போலீஸ், அம்மா நர்ஸ். 2011-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ஓவியர் சாரா பிச்செல்லியும் படைத்த புரூக்ளின் பையன். அவன் நல்ல பள்ளிக்கூடத்துக்கு மாறியதும், பழைய தெருவை விட்டுவிட்ட குற்றவுணர்வு அவனை அரிக்கிறது. இந்தக் கதையில் திருடன் எதிரே ஓடி வரவில்லை. பாசமுள்ள சித்தப்பாவே கூலிக்கு வில்லனிடம் வேலை பார்க்கிறார். அதே படத்தில் வேறொரு உலகத்திலிருந்து வரும் நடுவயது பீட்டர், விவாகரத்தாகி, தொந்தி விழுந்து, சிலந்தி பெயரில் உணவகம் தொடங்கப் பணம் போட்டுத் தொலைத்தவர். திட்ட அறிக்கையோடு என்னிடம் வந்திருந்தால் தடுத்திருப்பேன்.

2023-இல் வந்த ‘அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தில் இன்னும் கூர்மையாக ஒரு காட்சி. கல்லூரிச் சேர்க்கைக்கு மைல்ஸ் என்ன எழுத வேண்டும் என்று பள்ளி ஆலோசகர் சொல்லிக்கொடுக்கிறார்: கஷ்டப்படும் புலம்பெயர்ந்த குடும்பம் என்று எழுது, எடுபடும். அப்பாவும் அம்மாவும் முகம் சுளிக்கிறார்கள். எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறதே என்கிறார்கள். வறுமையை விற்பனைச் சரக்காக்கும் ஆளைக் கேலி செய்ய ஒரு ஸ்பைடர்மேன் படத்துக்கே தைரியம் வந்தது நல்ல விஷயம். ஆனால் அதே படம் மும்பாட்டன் என்று ஒரு கற்பனை இந்திய நகரத்தைக் காட்டி, பவித்ர் பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேனைக் கொண்டுவருகிறது. துள்ளலான பையன், கவலையே இல்லாதவன், சிரிக்க வைக்கிறான். 2004-இல் இந்தியாவுக்கென்றே உருவான மூல காமிக்ஸில் அவன் கிராமத்திலிருந்து உதவித்தொகையில் மும்பை வந்து, பணக்காரப் பிள்ளைகளிடம் கேலிபட்டவன். அந்தப் பவித்ரைத் திரையில் பார்க்க எனக்கு ஆசை.

குழந்தைகள் படத்தில் இவ்வளவு கணக்கு எதற்கு என்று என் மகனே கேட்கிறான். குழந்தைகளுக்கு வீட்டு வரவு செலவு தெரியாது என்று பெரியவர்கள்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பீஸ் கட்டாத மாதம் எது என்று அவர்களுக்குத் தெரியும்.

என் தீர்ப்பு இது. 2004 படத்துக்கு அருகில் எதுவும் வரவில்லை. ‘இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்’ அடுத்த இடம். ‘நோ வே ஹோம்’ படத்தில் கடைசி அறை மட்டும் என் கணக்கில் வரவு. இனி இந்த உரிமையை வைத்திருப்பவர்கள் எந்த வில்லனை வேண்டுமானாலும் இறக்கட்டும், எத்தனை உலகத்தை வேண்டுமானாலும் திறக்கட்டும். அந்த அறைக்கு மாதம் ஒன்றாம் தேதி வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டட்டும். உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தைப் போட்டுக் காட்டுங்கள். வங்கிக் காட்சி வரும்போது கொஞ்சம் நிறுத்தி, ஜப்தி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுங்கள்.